வேண்டாத விளம்பரக் கடிதங்கள்: நிறுத்துவது நம் கையில்தான்



கடிதத்தின் அருமையைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் லயங்களுக்கு வீட்டு இலக்கம் இல்லை, வீதிப் பெயர் இல்லை. ஆளின் பெயர், டிவிசன், தோட்டம், தபாற்கந்தோர், இவ்வளவுதான் விலாசம். வருகிற கடிதம் எல்லாம் தோட்டக் காரியாலயத்துக்குப் போகும். அங்கே கட்டாகக் கிடக்கும். யாராவது அந்தப் பக்கம் போனால் எடுத்து வருவார்கள். ஒரே டிவிசனில் மூன்று மாரியாயி இருந்தால் கடிதம் மூன்று வீடும் சுற்றி, பிரிபட்டு, கடைசியில் உரியவள் கைக்கு வரும். நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் பரீட்சை முடிந்த பிறகு வந்து சேர்ந்த கதை எந்தத் தோட்டத்தில்தான் இல்லை?

இன்றைக்குக் கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிற தம்பிக்கும், வெள்ளவத்தையில் புடவைக் கடையில் நிற்கிற தங்கச்சிக்கும் ஆளுக்கொரு மின்னஞ்சல் விலாசம் இருக்கிறது. ஸ்மார்ட் போன் வாங்கினால் ஈமெயிலும் கூடவே வந்துவிடுகிறது. யார் கையையும் பார்க்காமல், யாரும் உடைத்துப் பார்க்காமல், நம் பெயருக்கு நேராகக் கடிதம் வருகிற பெட்டி அது. சின்ன விஷயமா இது?

ஆனால் அந்தப் பெட்டியை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்பதுதான் இந்த முறை நாங்கள் பேச வந்த விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது

கொழும்பில் வேலை செய்கிற தோட்டத்துப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சந்திப்பதுண்டு. அப்படி ஒரு நாள் கொட்டாஞ்சேனையில், அட்டன் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி போனைக் கையில் கொடுத்தார். ஒரு தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டு இரண்டு மாதமாம். பதில் இல்லையாம். மெயிலைத் திறந்து பார்த்தால், படிக்காத கடிதங்கள் நாலாயிரத்துச் சொச்சம்!

"தம்பி, இதெல்லாம் என்ன?"

"தெரியல்லண்ணே. எந்நாளும் வந்துகிட்டே இருக்கு. நான் தெறந்து பாக்கிறதே இல்ல."

"அப்ப பயிற்சிக்காரங்க போட்ட மெயிலை எப்படிப் பாப்பீங்க?"

"போன்ல கூப்புடுவாங்கன்னு நெனச்சேன்..."

சப்பாத்து விளம்பரம், கடன் விளம்பரம், கேம் விளம்பரம், ஹோட்டல் விளம்பரம் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போனோம். பதினொரு நாளைக்கு முன்னால் வந்த அழைப்புக் கடிதம் நடுவில் கிடந்தது. நேர்முகப் பரீட்சை இரண்டு நாளைக்கு முன்னால் முடிந்து போயிருந்தது. தம்பி ஒன்றும் பேசவில்லை. எங்களுக்கும் பேச்சு வரவில்லை.

அந்தக் காலத்தில் கடிதம் பிந்தினால் தோட்டக் காரியாலயத்தைக் குறை சொன்னோம். இப்போது பெட்டி நம்முடையது. குப்பையைக் கூட்டித் தள்ளுவதும் நம்முடைய வேலைதான். அது பெரிய படிப்புப் படித்தவர்கள் மட்டும் செய்கிற வேலையும் இல்லை. அரை மணித்தியாலம் உட்கார்ந்தால் போதும்.

இந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் நாமே கொடுத்த விலாசத்துக்குத்தான் வருகிறது. எங்கே கொடுத்தோம் என்பதுதான் நமக்கு ஞாபகம் இருப்பதில்லை.

காலி வீதியில் ஒரு கடையில் சாமான் வாங்குகிறோம். காசாளர் "மெயில் சொல்லுங்க, பொயின்ட் சேரும்" என்கிறார். சொல்லிவிடுகிறோம். அதிர்ஷ்டச் சீட்டு நிரப்பிப் பெட்டியில் போடுகிறோம். இலவச வைபை கிடைக்கும் என்று மெயிலை அடிக்கிறோம். போனில் கேம் ஒன்றை இறக்கி, கேட்ட இடமெல்லாம் "ஓகே" அமத்துகிறோம். விண்ணப்பத்தின் அடியில் சின்ன எழுத்தில் "சலுகைகளை எனக்கு அறிவிக்கவும்" என்று ஒரு கட்டம் இருக்கும். சில இடங்களில் அதில் ஏற்கெனவே சரி அடையாளம் போட்டே வைத்திருப்பார்கள். நாம் பார்ப்பதில்லை. இதற்கு மேல், விலாசப் பட்டியல்களைச் சேர்த்து விற்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு அனுப்புகிறார்கள் என்று கேட்கலாம். வெள்ளவத்தைச் சந்தியில் ஒரு கடை துண்டுப் பிரசுரம் கொடுப்பதென்றால் அச்சுக்கூலி, கடதாசி, கொடுக்கிற பையனுக்குச் சம்பளம் என்று செலவு இருக்கிறது. ஆகவே கணக்குப் பார்த்துத்தான் அடிப்பார்கள். மெயிலுக்கு அந்தச் செலவு கிட்டத்தட்ட இல்லை. பத்து பேருக்கு அனுப்புவதும் பத்தாயிரம் பேருக்கு அனுப்புவதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆயிரத்தில் ஒருவர் வாங்கினாலும் அனுப்பியவனுக்கு லாபம். மற்ற 999 பேரின் நேரம் போவது அவன் கணக்கில் சேராது.

இது இன்று நேற்று வந்த தொல்லையும் இல்லை. 1978 மே 3ஆம் திகதி அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கோர்ப்பரேஷன் என்ற கணனிக் கம்பனியின் விற்பனைப் பகுதியைச் சேர்ந்த கேரி தேர்க் என்பவர், தங்கள் புதுக் கணனிகளைப் பார்க்க வரும்படி ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில் அது போனது. கேட்காமலே வந்த முதலாவது விளம்பர மின்னஞ்சல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பெற்றவர்கள் பலர் கோபப்பட்டார்கள். ஆனாலும் கம்பனிக்கு வியாபாரம் நடந்தது. அன்றைக்கே இந்த வியாதியின் காரணம் தெரிந்துவிட்டது: திட்டு வாங்கினாலும் காசு வருகிறது.

இப்படி வருகிற குப்பை மெயிலுக்கு "ஸ்பாம்" என்று பெயர். அது உண்மையில் தகரத்தில் அடைத்த பன்றி இறைச்சி ஒன்றின் பெயர். 1937இல் அமெரிக்கக் கம்பனியொன்று விற்பனைக்கு விட்டது. 1970இல் பிரித்தானியத் தொலைக்காட்சியின் நகைச்சுவைக் காட்சி ஒன்றில், சாப்பாட்டுக் கடையில் எதைக் கேட்டாலும் அதிலே ஸ்பாம் இருக்கும். மற்றவர் பேச்சு கேட்காதபடி "ஸ்பாம், ஸ்பாம்" என்று ஒரு கூட்டம் பாடும். நல்ல கடிதத்தைக் கண்ணில் படவிடாமல் மூடுகிற மெயிலுக்கு அந்தப் பெயர் அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டது.

முதலில் இரண்டாகப் பிரியுங்கள்

கொழுந்து பறிக்கிறவர்களுக்குப் பிரிக்கத் தெரியும். நல்ல கொழுந்து எது, முற்றின இலை எது என்று கையே சொல்லும். மெயிலையும் அப்படித்தான் பிரிக்க வேண்டும். வேண்டாத மெயிலில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. மாற்றிக் கொடுத்தால் தொல்லை கூடும்.

முதல் வகை, பெயரும் ஊரும் உள்ள கடை, கம்பனி, வங்கி, போன் நிறுவனம் அனுப்பும் விளம்பரம். எப்போதோ நாம் அங்கே சாமான் வாங்கியிருப்போம், அல்லது பெயர் பதிந்திருப்போம். இவர்கள் வியாபாரம் செய்கிறவர்கள், திருடர்கள் இல்லை. "போதும், இனி அனுப்ப வேண்டாம்" என்று சொன்னால் நிறுத்த வேண்டியவர்கள்.

இரண்டாவது வகை, யாரென்றே தெரியாத ஆள் அனுப்புவது. "உங்களுக்கு லொத்தரில் இலட்சம் டொலர் விழுந்திருக்கிறது", "கனடாவில் வேலை, பரீட்சை இல்லை", "உங்கள் பார்சல் தடுத்து வைக்கப்பட்டுள்ளது, சிறு தொகை கட்டவும்" என்றெல்லாம் வரும். நம் தபால் திணைக்களத்தின் பெயரிலேயே இப்படிப் பொய்ச் செய்தி வந்து, திணைக்களமே பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. இந்த ஆட்களிடம் "வேண்டாம்" என்று கூடச் சொல்லக் கூடாது. பதில் போட்டால், "இந்த விலாசத்தில் ஆள் இருக்கிறது, திறந்து பார்க்கிறது" என்று அவனுக்குத் தெரிந்துவிடும். இன்னும் பத்து மெயில் வரும்.

சுருக்கமாகச் சொன்னால், தெரிந்த கடைக்காரனிடம் "போதும்" என்று சொல்லுங்கள். தெரியாத ஆளிடம் வாயே திறக்காதீர்கள்.

எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: இந்தக் கடைக்கு நான் எப்போதாவது விலாசம் கொடுத்தேனா?

இரண்டு: அனுப்பியவரின் பெயரைத் தொட்டால் முழு விலாசம் தெரியும். அதில் "அட்" அடையாளத்துக்குப் பின்னால் இருப்பது அந்தக் கம்பனியின் பெயர்தானா? பெயர் வங்கியின் பெயராக இருக்கும். விலாசமோ தலையும் வாலும் இல்லாத எழுத்துகளாக இருக்கும். அப்படியானால் அது வங்கி இல்லை.

மூன்று: காசு, பாஸ்வேர்ட், போனுக்கு வரும் ஓ.டி.பி. இலக்கம், அடையாள அட்டைப் படம் எதையாவது கேட்கிறதா? கேட்டால் கட்டாயம் இரண்டாவது வகைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை: ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்

நம்மில் அதிகம் பேரிடம் இருப்பது அண்ட்ரொயிட் போனும் ஜீமெயிலும். ஆகவே அதையே சொல்கிறோம். யாஹூ, அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கும் வழி ஏறக்குறைய இதேதான்.

1. முதல் வகை விளம்பரம் ஒன்றைத் திறவுங்கள். மேலே அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்திலோ, மூலையில் இருக்கிற மூன்று புள்ளிகளுக்குள்ளோ "அன்சப்ஸ்கிரைப்" என்ற சொல் இருக்கும். "இனி எனக்கு அனுப்ப வேண்டாம், பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடு" என்பது அதன் பொருள். அதைத் தொடுங்கள். நிச்சயம்தானா என்று கேட்கும். மறுபடி தொடுங்கள். முடிந்தது.

2. மேலே அந்தச் சொல் இல்லாவிட்டால் கடிதத்தின் அடிக்குப் போங்கள். மங்கலான சின்ன எழுத்தில் அதே சொல் இருக்கும். அதைத் தொட்டால் கடையின் பக்கம் திறக்கும். தெரிந்த கடையாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். அந்தப் பக்கம் பாஸ்வேர்ட் கேட்டால் உடனே மூடிவிடுங்கள். அனுப்புவதை நிறுத்தப் பாஸ்வேர்ட் தேவையில்லை.

3. நிறுத்தச் சொல்லியும் வருகிறதா? கொஞ்ச நாள் பொறுங்கள். 2024ஆம் ஆண்டில் கூகுளும் யாஹூவும் ஒரு விதி கொண்டு வந்தன. மொத்தமாக விளம்பரம் அனுப்புகிறவர்கள் ஒரே தொடுகையில் நிறுத்துகிற வசதி வைக்க வேண்டும். நிறுத்தச் சொன்னால் இரண்டு நாளுக்குள் நிறுத்த வேண்டும். ஜீமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புகிறவர்களை இது கட்டுப்படுத்தும். அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பத்து வேலை நாள் தவணை கொடுக்கிறது. ஆகவே இரண்டு கிழமை பொறுத்தும் வந்தால், அதே மூன்று புள்ளிகளுக்குள் "புளொக்" என்பதைத் தொடுங்கள். அந்த விலாசத்திலிருந்து வருவது இனி நேராக ஸ்பாம் பெட்டிக்குப் போகும்.

4. இரண்டாவது வகைக்கு இதெல்லாம் வேண்டாம். திறக்காமலே அதை அழுத்திப் பிடியுங்கள். மூன்று புள்ளிகளைத் தொட்டு "ரிப்போர்ட் ஸ்பாம்" என்பதைக் கொடுங்கள். அது அனுப்பியவனுக்குப் போகிற பதில் இல்லை, கூகுளுக்கு நாம் கொடுக்கிற முறைப்பாடு. பல பேர் முறைப்பாடு கொடுத்தால் அந்த ஆள் அனுப்புவது மற்றவர் பெட்டிக்கும் போகாமல் தடைப்படும். உங்கள் ஒரு தொடுகை இன்னொரு தோட்டத்துப் பிள்ளையையும் காப்பாற்றுகிறது.

5. 2025 ஜூலையில் ஜீமெயில் "மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்" என்று ஒரு புது வசதியை அறிவித்தது. இடது பக்கம் மேலே உள்ள மூன்று கோடுகளைத் தொட்டுப் பாருங்கள். அந்தப் பெயர் இருந்தால், உங்களுக்கு விளம்பரம் அனுப்புகிற எல்லோரும் ஒரே பட்டியலாக வருவார்கள், அதிகம் அனுப்புகிறவர் மேலே. ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டு போகலாம். உங்கள் போனில் இல்லாவிட்டால் கவலை வேண்டாம், முதலாவது வழியே போதும்.

ஒரே நாளில் நாலாயிரத்தையும் துடைக்க நினைக்க வேண்டாம், அலுத்துவிடும். தினமும் பஸ்ஸில் போகும்போது ஐந்து கடையை நிறுத்துங்கள். ஒரு மாதத்தில் 150 கடை! அதற்கு முன்னமே பெட்டி வெளிச்சுவிடும்.

நல்ல கடிதமும் தவறி விழும்

ஜீமெயில் தானாகவே கடிதங்களைப் பிரிக்கிறது. விளம்பரம் என்று அதற்குத் தோன்றியதைப் "புரமோஷன்ஸ்" என்ற பகுதியில் போடும். மோசடி என்று தோன்றியதை "ஸ்பாம்" பெட்டியில் போடும். அது இயந்திரம்தானே! பயிற்சி நிலையத்தின் அழைப்பையும் சிலவேளை விளம்பரம் என்று நினைத்துவிடும். ஸ்பாம் பெட்டிக்குப் போனது 30 நாளில் தானாக அழிந்துவிடும்.

ஆகவே வேலைக்கோ படிப்புக்கோ விண்ணப்பம் போட்டிருந்தால் வாரத்துக்கு இரண்டு முறையாவது இந்த இரண்டு இடத்தையும் எட்டிப் பாருங்கள். நல்ல கடிதம் ஸ்பாமில் கிடந்தால் திறந்து "நொட் ஸ்பாம்" என்பதைக் கொடுங்கள். அடுத்த முறை சரியான இடத்துக்கு வரும். மேலே தேடுகிற கட்டத்தில் அந்த நிலையத்தின் பெயரை அடித்துத் தேடுவது இன்னும் சுலபம்.

இன்னொரு விஷயம். கூகுள் ஒரு ஆளுக்கு இலவசமாகக் கொடுக்கிற இடம் 15 ஜீ.பி. மெயிலுக்கு மட்டும் இல்லை. கூகுளில் ஏற்றி வைத்த போட்டோ, வீடியோ எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். அது நிரம்பினால் புதுக் கடிதம் வராது, அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். கல்யாண வீட்டு வீடியோக்களால் பெட்டி நிரம்பி அழைப்புக் கடிதம் திரும்பிப் போகலாம். விளம்பர மெயிலைவிட வீடியோதான் அதிகம் இடம் பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2022 மார்ச் 19ஆம் திகதி சபாநாயகர் கையொப்பமிட்டது. பெயர், போன் இலக்கம், மெயில் விலாசம் எல்லாம் நம்முடைய உடைமை, மற்றவர் அதைக் கண்டபடி பாவிக்க முடியாது என்பதுதான் அதன் அடிப்படை. தபால், போன், மின்னஞ்சல் வழியாக வரும் விளம்பரச் செய்திக்கென்று அதில் தனிப் பகுதியே உண்டு. ஆள் சம்மதித்தால்தான் அனுப்பலாம். அனுப்புகிறவர் தான் யார் என்று சொல்ல வேண்டும். எப்படி நிறுத்துவது என்பதை விலாசம் வாங்கும்போதும், ஒவ்வொரு செய்தி அனுப்பும்போதும் சொல்ல வேண்டும். நிறுத்துவதற்குக் காசு வாங்கக் கூடாது.

ஆனால் இந்தச் சட்டத்தின் எல்லாப் பகுதியும் ஒரே நாளில் நடைமுறைக்கு வருவதில்லை. படிப்படியாக வரும் என்று எழுதப்பட்டது. முக்கிய பகுதிகளுக்கு 2025 மார்ச் 18 என்று குறித்த திகதியும் தள்ளிப் போனது. பிறகு திருத்தச் சட்டமும் வந்தது. ஆகவே சட்டம் வந்து காப்பாற்றும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். அதேநேரம், கடையில் "மெயில் கட்டாயம் தரணும்" என்றால், "எதுக்குங்க? பில்லை மட்டும் தாங்க" என்று மரியாதையாகக் கேட்கிற உரிமை நமக்கு உண்டு என்பதையும் தெரிந்து வையுங்கள். துரை காரியாலயத்தில் கேட்டுப் பழகிய நமக்குக் கடையில் கேட்கப் பயம் எதற்கு?

வருமுன் காப்பது

போன் வாங்கிய கடையிலேயே பையன் ஒருவன் மெயில் கணக்கைத் திறந்து கொடுப்பான். பாஸ்வேர்டும் அவனே போடுவான். பலருக்குத் தங்கள் பாஸ்வேர்டே தெரியாது. இது வீட்டுச் சாவியைக் கடைக்காரனிடம் விட்டு வந்த மாதிரி. இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றி, வீட்டில் ஒரு கொப்பியில் எழுதிப் பத்திரமாக வையுங்கள். தெரியாவிட்டால், நம்பிக்கையான படித்த பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

கொம்யூனிகேஷன் கடையில் விண்ணப்பம் நிரப்பும்போது, சிலர் அவசரத்துக்குக் கடைக்காரரின் மெயிலைப் போட்டுவிடுகிறார்கள். பதில் அவருக்குத்தான் போகும். பழைய தோட்டக் காரியாலயக் கதைதான் திரும்பவும்! உங்கள் சொந்த விலாசத்தையே போடச் சொல்லுங்கள். எழுத்துச் சரிதானா என்று ஒருக்கா வாசித்துப் பாருங்கள். அங்குள்ள கணனியில் உங்கள் மெயிலைத் திறந்திருந்தால் எழும்புவதற்கு முன் மூடிவிட்டு வாருங்கள்.

முடிந்தால் இரண்டு விலாசம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வேலை, படிப்பு, வங்கி, குடும்பத்துக்கு. மற்றது கடை, கேம், லொத்தர், வைபைக்கு. ஒரே போனில் இரண்டும் ஓடும். விளம்பரம் எல்லாம் இரண்டாவதில் போய் விழட்டும். முதலாவதில் சத்தம் கேட்டால் அது முக்கியமான கடிதம் என்று நிச்சயமாகத் தெரியும். ஆனால் இரண்டையும் அவ்வப்போது திறவுங்கள். இரண்டு வருடம் தொடாத கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம்.

வேலை விளம்பரமா? கொஞ்சம் நில்லுங்கள்

சப்பாத்து விளம்பரத்தால் போவது நேரம்தான். வேலை விளம்பரத்தால் வாழ்க்கையே போகலாம். நல்ல சம்பளத்தில் கணனி வேலை என்று நம்பித் தாய்லாந்துக்குப் புறப்பட்ட இலங்கை இளைஞர்கள், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவதிப் பகுதியில் மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். 2022 முதல் இந்தச் செய்தி வந்துகொண்டே இருந்தது. 2024இலும் பலர் மீட்கப்பட்டார்கள். அங்கே அவர்களுக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? நம்மைப் போன்றவர்களை இணையத்தில் ஏமாற்றுவது! நம் பெட்டிக்கு வருகிற பொய்க் கடிதங்களில் சிலவற்றை எழுதுகிறவனும் ஏமாந்து போன இன்னொரு ஏழையாக இருக்கலாம்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதற்கு 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். மெயிலில் எந்த முகவர் பெயர் வந்தாலும், கடவுச்சீட்டையோ காசையோ கொடுப்பதற்கு முன், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்குப் போன் செய்து, "இந்த முகவருக்கு அனுமதி இருக்கா? இந்த வேலைக்கு அனுமதி இருக்கா?" என்று இரண்டையும் கேளுங்கள்.

"ஆள் சேர்த்தால் காசு" என்று வருகிற கடிதமும் அப்படித்தான். பிரமிட் திட்டம் நடத்துவதும் அதில் ஆள் சேர்ப்பதும் வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவின்படி குற்றம் என்று மத்திய வங்கி திரும்பத் திரும்ப அறிவித்திருக்கிறது. சீட்டுக் காசையும் நகை அடகு வைத்த காசையும் இதில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

நீங்கள் கேட்டவை

கேள்வி: வங்கியிலிருந்து விளம்பரமும் வருகிறது, கணக்கு விபரமும் வருகிறது. புளொக் பண்ணலாமா?
பதில்: வேண்டாம். புளொக் பண்ணினால் கணக்கு விபரமும் ஸ்பாமுக்குப் போய்விடலாம். விளம்பரக் கடிதத்தைத் திறந்து அன்சப்ஸ்கிரைப் மட்டும் கொடுங்கள். பொதுவாகக் கணக்கு விபரம் தொடர்ந்து வரும்.

கேள்வி: எஸ்.எம்.எஸ். விளம்பரமும் தொல்லை தருகிறதே?
பதில்: பெயருள்ள கம்பனியின் செய்தி என்றால் கடைசி வரியைப் பாருங்கள். நிறுத்துவதற்கு எந்த இலக்கத்துக்கு என்ன எழுதி அனுப்ப வேண்டும் என்று பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் உங்கள் போன் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: தெரியாமல் ஒரு மோசடிக் கடிதத்தைத் தொட்டு பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டேன். என்ன செய்வது?
பதில்: வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். வங்கி விபரம் கொடுத்திருந்தால் அந்த நிமிடமே வங்கியைக் கூப்பிடுங்கள். காசு போயிருந்தால் பொலிசில் முறைப்பாடு கொடுங்கள். அந்தக் கடிதத்தை அழிக்க வேண்டாம், அதுதான் சாட்சி.

கேள்வி: அம்மாவுக்கு எழுத வாசிக்க அவ்வளவாகத் தெரியாது. அவருடைய போனில் என்ன செய்யலாம்?
பதில்: தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே துப்புரவு செய்து கொடுங்கள். "காசு கேட்டோ, நம்பர் கேட்டோ யார் எழுதினாலும் என்னைக் கேக்காம ஒண்ணும் பண்ணாதீங்கம்மா" என்று சொல்லி வையுங்கள். போன் வாங்கிக் கொடுப்பதோடு நம் கடமை முடியவில்லை.

கடைசியாக

கொட்டாஞ்சேனைத் தம்பியின் கதையை அரைவாசியில் விட்டோம். அன்றைக்கே அவரோடு இருந்து முப்பது கடைக்கு மேல் நிறுத்தினோம். மிச்சத்தை அவரே செய்தார். மூன்று கிழமை கழித்துக் காட்டினார். அன்றைக்கு முழுக்க வந்தது ஆறே கடிதம். அடுத்த பிரிவுக்கு மறுபடியும் விண்ணப்பம் போட்டிருக்கிறார். "இந்த வாட்டி வந்தா தெரிஞ்சிரும்ணே" என்றார்.

வாசகர்களே, நம் முன்னவர்கள் ஒரு கடிதத்துக்காகக் காரியாலய வாசலில் காத்து நின்றார்கள். நம் பெயருக்கு வருகிற கடிதம் குப்பைக்குள் கிடந்து வீணாகப் போக நாம் விடலாமா? இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். முதலில் உங்கள் பெட்டி, பிறகு பக்கத்து அறையில் இருப்பவரின் பெட்டி. வாசித்து முடித்ததும் இந்தப் பக்கத்தை இன்னொருவர் கையில் கொடுங்கள்.